பச்சிளங்குழந்தையின் செவித்திறன் சோதனை: நிறைமாதக் குழந்தைக்கு ஒரு வகை, குறைமாதக் குழந்தைக்கு வேறு வகை

கண்டெய்னர் லாரியின் இரைச்சலுக்குத் தொட்டிலில் குழந்தை திடுக்கிட்டால், எண்ணூர் விரைவுச்சாலையை ஒட்டிய வீடுகளில் அதற்குக் காது கேட்கிறது என்று நம்பிவிடுகிறார்கள். லாரியின் அதிர்வு தரை வழியாக உடலையும் எட்டும், ஒரு காது மட்டும் கேட்டாலும் குழந்தை திடுக்கிடும் என்பதால், கைதட்டிப் பார்ப்பதையும் தட்டைத் தட்டிப் பார்ப்பதையும் சோதனையாகக் கொள்ள முடியாது.

நிறைமாதக் குழந்தைக்கு வீடு திரும்பும் முன் ஓ.ஏ.இ. சோதனை பெரும்பாலும் போதும். காதில் சிறு முனையைப் பொருத்தி ஒலி எழுப்பினால், உள்காது திருப்பி அனுப்பும் மெல்லிய ஒலியைக் கருவி பதிவுசெய்யும், வலியில்லை. பிறந்த முதல் நாளில் காதுத் துளையில், பிறக்கும்போது தோலில் படிந்திருக்கும் மாவும் நீரும் அடைத்திருக்கக்கூடும் என்பதால், 24 மணி நேரம் கழித்துச் செய்வது நல்லது. பாலூட்டி, துணியில் சுற்றி, தூங்கவைத்து எடுத்துச் செல்லுங்கள். காதில் எண்ணெய் விட வேண்டாம் என்று குளிப்பாட்டும் பெரியவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அவர்களிடம் அதைச் சொல்வதில்தான் பலருக்குச் சங்கடம். ஒரு காது தேறாவிட்டாலும் மறுசோதனையை இரு காதுகளிலும் செய்ய வேண்டும்.

குறைமாதக் குழந்தைக்கு நாள் கணக்கே வேறு. கர்ப்ப வாரங்களையும் பிறந்தபின் கடந்த வாரங்களையும் கூட்டி 34 ஆன பிறகே சோதிக்க வேண்டும். 30 வாரத்தில் பிறந்திருந்தால் குறைந்தது 4 வாரம் பொறுக்க வேண்டும். ஓ.ஏ.இ. உள்காதோடு நின்றுவிடும், கடும் மஞ்சள் காமாலையோ மூச்சுத்திணறலோ செவி நரம்பைப் பாதித்திருந்தால் அதற்குத் தெரியாது. ஆகவே 5 நாளுக்கு மேல் தீவிர சிகிச்சைப் பிரிவில், நம் பேச்சில் சொன்னால் 'பெட்டியில்', இருந்த குழந்தைக்கு, அது நிறைமாதமாகவே இருந்தாலும், நெற்றியிலும் காதருகிலும் பட்டைகள் ஒட்டி நரம்பின் மறுமொழியை அளக்கும் பெரா சோதனையைக் கேட்டுப் பெறுங்கள். அதில் தேறாத குழந்தை பின்னர் ஓ.ஏ.இ.யில் தேறினாலும் அதைத் தேர்ச்சியாக எண்ணக்கூடாது.

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மருத்துவமனையில் பிறந்தாலும் தனியாரில் பிறந்தாலும், எந்தச் சோதனை, எந்தக் காதில் என்ன முடிவு என்பதை டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்குங்கள். முதல் சோதனை 1 மாதத்துக்குள்ளும், குறையை உறுதிசெய்வது 3 மாதத்துக்குள்ளும், காதுக்கருவி முதலான சிகிச்சை 6 மாதத்துக்குள்ளும் நடக்க வேண்டும். பெட்டியில் இருந்த குழந்தை தேறியிருந்தாலும், பின்னர் செவித்திறன் குறை தோன்றக்கூடும் என்பதால், எம்.ஆர். (தட்டம்மை-ரூபெல்லா) தடுப்பூசிக்குரிய 9ஆம் மாதத்துக்குள் மீண்டும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.