வீட்டை விற்க இறங்கும் முன்: டெல்டா மாவட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவிரி டெல்டாவில் விற்பனைக்கு வந்த வீடு இரண்டு மூன்று ஆண்டுகளாகியும் கைமாறாமல் கிடந்தால், ஊரில் வாங்க ஆளில்லை என்றோ தரகர் சரியில்லை என்றோ சொல்லி முடித்துவிடுகிறோம். சில நேரம் அது உண்மைதான். ஆனால் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், விலை படிந்த பிறகும் வாங்க வந்தவர் பின்வாங்கினார் என்றால், அவருடைய வழக்கறிஞர் பத்திரங்களைப் படித்துப் பார்த்ததுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். தான் விற்கப்போவது இன்னதென்று உரிமையாளரே தெளிவாக அறியாமல், முதலில் தரகரிடம் போய் விலையைச் சொல்லிவிடுவதிலிருந்தே மற்றத் தவறுகள் தொடங்குகின்றன.

அடிமனை யாருடையது?

கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளிலும் மடவிளாகங்களிலும் சன்னதித் தெருக்களிலும் உள்ள வீடுகளில் பல, கோயிலுக்கோ திருமடத்துக்கோ சொந்தமான மனையின்மேல் கட்டப்பட்டவை. மூன்று தலைமுறையாகக் குடியிருந்து, வீட்டு வரி கட்டி, மின் இணைப்பையும் தன் பெயரில் வைத்திருக்கும் குடும்பம், கோயில் அலுவலகத்தில் கட்டிவரும் சிறு தொகையைக் காணிக்கை போலவே எண்ணிப் பழகிவிடுகிறது. அது காணிக்கை அன்று, மனை வாடகை. அடிமனை கோயிலுடையது, அதன் மேலுள்ள கட்டடம் மட்டுமே குடியிருப்பவருடையது. 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு இந்து சமய, அறநிலையக் கொடைகள் சட்டத்தின்படி, அறநிலையத் துறை ஆணையரின் அனுமதியின்றிக் கோயில் நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. அனுமதி இல்லாத பத்திரத்தைச் சார்பதிவாளரும் பதிவுக்கு ஏற்கமாட்டார்.

இது தெரியாமல், பக்கத்துத் தெருவில் பட்டா மனையோடு விலைபோன வீட்டைக் காட்டி அதே விலையை எதிர்பார்ப்பவர்கள் உண்டு. தெரிந்தே மறைத்து, பதிவு நாள் நெருங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று முன்பணம் வாங்குபவர்களும் உண்டு. அவர்கள் பின்னர் முன்பணத்தைத் திருப்பித் தர முடியாமல் வழக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். அடிமனை கோயிலுடையதாக இருந்தால், கட்டடம் மட்டுமே விற்பனைக்கு என்பதை விளம்பரத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். அதற்கு முன்னதாகக் கோயிலின் செயல் அலுவலரைச் சந்தித்து, வாடகை நிலுவை எவ்வளவு, வாங்குபவர் பெயருக்கு வாடகைதாரர் மாற்றம் செய்ய இயலுமா, அதற்கு என்ன நடைமுறை என்பதைக் கேட்டறிய வேண்டும். இத்தகைய வீட்டுக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது என்பதால், வாங்குவோர் வட்டமும் சுருங்கும், விலையும் குறையும். அதை ஏற்றுக்கொண்டு சந்தைக்கு வருபவர், ஏற்காதவரைவிட விரைவில் விற்றுவிடுகிறார்.

பத்திரம், பட்டா, பங்கு

பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருப்பது இப்பகுதியில் சாதாரணம். 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது ஊரார் யூ.டி.ஆர். என்று சொல்லும் பதிவில், சர்வே எண்கள் மாறின. பரப்பிலும் பெயரிலும் பிழைகள் புகுந்தன. பத்திரத்தில் பழைய எண், பட்டாவில் புதிய எண், தரையில் வேறொரு அளவு என்று மூன்றும் மூன்றாக நின்றால் வங்கியின் வழக்கறிஞர் கோப்பை மூடிவிடுவார். மாவட்டப் பெயர் மாறியதைக் கண்டு மட்டும் அஞ்ச வேண்டியதில்லை: மயிலாடுதுறையில் உள்ள ஒரே வீட்டுக்கு 1970களின் பத்திரத்தில் தஞ்சாவூர் மாவட்டம் என்றும், 1991க்குப் பிந்தையதில் நாகப்பட்டினம் மாவட்டம் என்றும், 2020க்குப் பிந்தையதில் மயிலாடுதுறை மாவட்டம் என்றும் இருப்பது இயல்பே.

வில்லங்கச் சான்றிதழை வாங்குபவர்தான் எடுக்க வேண்டும் என்று விற்பவர் சும்மா இருப்பதும் தவறு. கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ என்றோ வாங்கிய அடமானக் கடனை முழுவதும் அடைத்திருப்பார்கள். ஆனால் அதற்கான ரசீதுப் பத்திரத்தைப் பதிவு செய்திருக்க மாட்டார்கள். அதனால் வில்லங்கத்தில் அந்த அடமானம் உயிரோடு நிற்கும். இதைச் சந்தைக்கு வருமுன் சரிசெய்ய அலைச்சல்தான் ஆகும். வாங்குபவர் கண்ணில் பட்ட பிறகு சரிசெய்தால் விலையும் சேர்ந்து இறங்கும்.

எல்லாவற்றையும்விட அதிகமான பேரங்களை உடைப்பது கூடப் பிறந்தவர்களின் கையெழுத்து. "அக்காவுக்குத்தான் கல்யாணத்திலேயே எல்லாம் செய்துவிட்டோமே" என்ற வாதம் சார்பதிவாளர் அலுவலகத்தில் எடுபடாது. இந்துக் குடும்பத்தில் தந்தை தம் சுய சம்பாத்தியமான வீட்டுக்கு உயில் எழுதாமல் இறந்திருந்தால், மனைவி, மகன்கள், மகள்கள் அனைவருக்கும் சம பங்கு உண்டு. அவர் இறந்தபோது அவருடைய தாயார் உயிரோடு இருந்திருந்தால் அந்தத் தாயாருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பூர்விகச் சொத்திலும் மகளுக்கு மகனைப் போலவே உரிமை உண்டு என்பதை 2005ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் உறுதி செய்தது. பங்கு பிரித்து வீட்டுக்குள் எழுதிவைத்த கூர்சீட்டை மட்டும் நம்பி விற்பனைக்கு இறங்காமல், பதிவு செய்த பாகப்பிரிவினையோ, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ முடித்துக்கொண்டு, அல்லது எல்லாப் பங்குதாரரும் சேர்ந்து கையெழுத்திடுவதாக உறுதி செய்துகொண்டு, அதன்பிறகு விலை பேசுவதே முறை. இசுலாமியக் குடும்பங்களில் பங்கு பிரியும் முறை வேறு என்பதால், அங்கே பங்குதாரர் யார் யார் என்பதை அறிந்தவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விலையும் அளவும்

அக்கிரகாரத் தெருக்களிலும் பழைய கடைத்தெருக்களிலும் உள்ள வீடுகள் முகப்பில் குறுகி, உள்ளே நீண்டு, திண்ணை, ரேழி, முற்றம், கூடம், பின்கட்டு, கொல்லை என்று போய்க்கொண்டே இருக்கும். முகப்பு 18 அடி, நீளம் 160 அடி என்றால் மொத்தம் 2,880 சதுர அடி. தெருவில் சொல்லப்படும் சதுர அடி விலையை இந்த 2,880ஆல் பெருக்கி வருவதையே வீட்டின் விலை என்று நம்புவதுதான் விலை நிர்ணயத்தில் நிகழும் பெருந்தவறு. வாங்குபவர் அப்படிக் கணக்கிடுவதில்லை. கார் நிறுத்த இடமுண்டா, கொல்லைப்புறத்துக்குச் சந்து வழி உண்டா, இரு பக்கச் சுவரும் பொதுச் சுவரா, இடித்துக் கட்டினால் வெளிச்சம் வருமா என்றே பார்க்கிறார். கொல்லைக்கு வழி இல்லாத பின்பகுதிக்கு முகப்பின் விலை கிடைக்காது.

இத்தகைய வீட்டுக்கு மற்றவரைவிடக் கூடுதலாகக் கொடுக்கக் கூடியவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர்தான். 18 அடி முகப்பு அவர் கைக்குப் போனால் 36 அடியாகிறது. வேறு யாருக்கும் அந்த லாபம் இல்லை. ஆனால் பழைய சுவர்த் தகராறு, சாக்கடைத் தகராறு, பங்காளிப் பகை என்று ஏதோ ஒன்றை மனத்தில் வைத்து, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சென்னை வரை விளம்பரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நேரில் கேட்க மனமில்லை என்றால் பொதுவான ஒருவர் மூலமாகவாவது கேட்டுவிட வேண்டும்.

வழிகாட்டி மதிப்பு என்பது முத்திரைக் கட்டணம் கணக்கிடுவதற்காக அரசு நிர்ணயிப்பது. அதைச் சந்தை விலையாக எண்ணுவது சரியன்று. வாங்குபவர் கையில் உள்ள பணத்தில் பதிவுச் செலவும் அடங்கும் என்பதையும் மறக்கக் கூடாது. 2023 ஏப்ரல் முதல் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்சம் ரூபாய் வீட்டுக்கு இவ்வகையில் மட்டும் 3 லட்சத்து 60 ஆயிரம்.

அளவைச் சொல்வதிலும் கவனம் தேவை. குழி என்றால் 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ வருபவருக்குச் சதுர அடியும் சென்ட்டும்தான் புரியும்.

விளம்பரம்

"கும்பகோணம் அருகே, நல்ல காற்றோட்டமான வீடு, உடனடி விற்பனைக்கு" என்ற விளம்பரம் யாருக்கும் எதையும் சொல்வதில்லை. "உடனடி" என்ற சொல், விலையைக் குறைக்கச் சொல்லி அழைப்பதற்குச் சமம். அதற்குப் பதிலாக, "கும்பகோணம் மாநகராட்சி எல்லைக்குள், கிழக்குப் பார்த்த ஓட்டு வீடு, முகப்பு 18 அடி, நீளம் 160 அடி, கொல்லையில் எட்டடிச் சந்து வழி, தனிப் பட்டா, பாதாள சாக்கடை இணைப்பு உண்டு, 2018இல் ஓடு மாற்றியது" என்று எழுதினால், தேவையற்றவர்கள் தாமே விலகி, தேவையுள்ளவர்கள் மட்டும் அழைப்பார்கள்.

பெற்றோர் காலமான பிறகு பூட்டிக்கிடக்கும் வீட்டை அப்படியே திறந்து காட்டுவது இங்கே மிகச் சாதாரணமாக நடக்கிறது. வௌவால் வாடை, உடைந்த ஓட்டுக்குக் கீழே கறுத்த சுவர், வேலை செய்யாத மோட்டார் இவற்றைப் பார்த்தவுடன் வாங்குபவர் மனத்தில் இடித்துக் கட்டும் செலவு ஓடத் தொடங்கிவிடும். பெரிய செலவு செய்ய வேண்டாம். ஓட்டை மாற்றி, சுண்ணாம்பு அடித்து, மின்சாரமும் தண்ணீரும் ஓடச் செய்தால் போதும். தேக்குத் தூண்களையும் நிலைக்கதவையும் தனியே பழம்பொருள் வியாபாரியிடம் கொடுத்துவிட்டு மிச்ச வீட்டை விற்க நினைப்பவர், அந்த வீட்டுக்காகவே ஆசைப்பட்டு வரக்கூடிய வாங்குபவரை இழந்துவிடுகிறார்.

டெல்டாவில் வீடு பார்க்க வருபவர் கட்டாயம் கேட்கும் கேள்விகள் இரண்டு: ஐப்பசி கார்த்திகை மழையில் தெருவில் தண்ணீர் நிற்குமா, கிணற்றுத் தண்ணீர் எப்படி? நாகப்பட்டினம், வேதாரண்யம், சீர்காழிப் பக்கம் கடலை ஒட்டிய ஊர்களில் நிலத்தடி நீர் உப்பாவது எல்லோரும் அறிந்ததே; அதை மறைக்க முடியாது, முதல் குவளையிலேயே தெரிந்துவிடும். ஆடியிலும் மார்கழியிலும் கிரயம் முடிக்கப் பலர் தயங்குவதால் (ஆடிப்பெருக்கு நாள் இதற்கு விலக்கு), சம்பா அறுவடைப் பணம் புழங்கும் தை, மாசி மாதங்களுக்கு முன்னரே பத்திர வேலைகளை முடித்து வைத்திருப்பது நல்லது.

தரகரைத் தேர்ந்தெடுப்பது

சொன்ன விலையை உடனே ஒப்புக்கொண்டு, அதற்கு மேலும் வாங்கித் தருகிறேன் என்பவரைத் தேர்ந்தெடுப்பது முதல் சறுக்கல். நல்ல தரகர் முதலில் பத்திர நகலைக் கேட்பார், பிறகு அந்தத் தெருவில் அண்மையில் எது எந்த விலைக்குப் பதிவானது என்று சொல்வார், அதன் பிறகே விலைக்கு வருவார். தரகர்கள் தமிழ்நாடு கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்வது, ஆணையத்தில் பதிவான மனைப்பிரிவு, அடுக்ககத் திட்டங்களில் விற்பனை செய்வதற்குக் கட்டாயம். தனி வீட்டை மறுவிற்பனை செய்து தரும் உள்ளூர்த் தரகரிடம் அந்தப் பதிவு எண் இல்லாதிருப்பது மட்டுமே குற்றமாகாது. எண் இருப்பதாகச் சொன்னால் ஆணையத்தின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஐந்து தரகரிடம் சொன்னால் ஐந்து மடங்கு வேகம் என்று நினைப்பது தப்புக் கணக்கு. ஒரே வீடு வாட்ஸ்அப் குழுக்களில் மூன்று விலையில் சுற்றும். பார்ப்பவருக்கு ஏதோ வில்லங்கம் என்று தோன்றும். கடைசியில் பதிவு நாளன்று சார்பதிவாளர் அலுவலக வாசலில், பார்ட்டியை நான்தான் முதலில் அழைத்து வந்தேன் என்று நான்கு பேர் நிற்பார்கள். ஒருவரிடமோ இருவரிடமோ, மூன்று மாதம் போன்ற காலவரையோடு, தரகுத் தொகையை எழுத்தில் முடிவு செய்து ஒப்படைப்பதே மேல். இப்பகுதியில் ஒன்று அல்லது இரண்டு சதவீதம் என்பது வழக்கம். வாங்குபவரிடமும் தரகர் வாங்குகிறாரா என்பதை வெளிப்படையாகக் கேட்டுவிட வேண்டும். தரகு பதிவு முடிந்த பிறகுதான், முன்னதாக இல்லை.

மூலப் பத்திரத்தைப் பார்ட்டிக்குக் காட்ட வேண்டும் என்று தரகர் கேட்டால் கொடுக்கவே கூடாது. நகலிலும் இன்னாரிடம் இந்தத் தேதியில் பார்வைக்காகக் கொடுத்தது என்று குறுக்கே எழுதிக் கொடுப்பது பாதுகாப்பு.

ஒப்பந்தமும் பணமும்

சிறு முன்பணம் கொடுத்துப் பதினொரு மாதத்துக்கு விற்பனை ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, அந்தக் காலத்துக்குள் கூடுதல் விலைக்கு வேறு ஆளைப் பிடித்து லாபம் பார்ப்பவர்களும் தரகர் என்ற பெயரிலேயே வருகிறார்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவானால் அது வில்லங்கத்தில் ஏறிவிடும். பேரம் முறிந்தால், இரு தரப்பும் வந்து ரத்துப் பத்திரம் எழுதினாலொழிய அதை இறக்குவது எளிதன்று. எனவே காலம் மூன்று மாதத்தைத் தாண்டாமலும், முன்பணம் பெயரளவுக்கு இல்லாமலும், தவறினால் என்ன என்பது எழுத்தில் இருக்குமாறும் பார்த்துக்கொள்ள வேண்டும். தரகர் பெயருக்கே பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பதை என்ன காரணம் சொன்னாலும் தவிர்க்க வேண்டும். சிங்கப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ இருப்பவர்கள், ஊரில் உள்ள நெருங்கிய உறவினருக்கு, இந்த ஒரு வீட்டை விற்க மட்டும் என்று வரையறுத்து, அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பினால் போதும். அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் உரிய முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும்.

வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம், மீதி கையில் என்ற யோசனையைத் தரகர் சொன்னாலும் வாங்குபவர் சொன்னாலும் மறுத்துவிடுவதே நல்லது. வீடு விற்பதில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான தொகையே அபராதமாக விதிக்கப்படலாம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் ஒரு சதவீதம் வரி பிடித்தம் செய்துதான் தருவார். அது விற்பவரின் பான் கணக்கில் சேரும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் இந்த 50 லட்ச வரம்பு பொருந்தாது, பிடித்தமும் பல மடங்கு கூடும். குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே விண்ணப்பித்துப் பெறலாம். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால், பதிவுக்கு டோக்கன் போட்ட பிறகு நினைத்துக்கொள்ளாமல், ஒப்பந்தம் எழுதும்போதே ஆடிட்டரிடம் சொல்லிவிட வேண்டும்.