தகைவிலான் வால் ஞாயில்கள்: வயது கண்டு வரைபடத்தில் குறிப்பது எப்படி?

வட இத்தாலியக் கோட்டைகளின் படங்களைப் பார்த்தவர்களுக்கு இது கண்ணில் பட்டிருக்கும். மதில் உச்சியில் பல்வரிசை போல நிற்கும் கட்டைகள் சில இடங்களில் நேரான தலையோடு சதுரமாக இருக்கும். வேறு சில இடங்களில் தலை நடுவில் பிளந்து இரண்டு கொம்பாக நிற்கும். இந்தக் கட்டைக்குத் தமிழில் பழைய சொல் ஒன்று உண்டு: ஞாயில். சங்கப் பாட்டிலேயே வருகிறது. வீரன் ஞாயிலுக்குப் பின்னால் மறைந்துகொள்வான், பக்கத்து இடைவெளி வழியாக அம்பு விடுவான். பிளந்த தலை உள்ள ஞாயிலை இத்தாலியர்கள் தகைவிலான் குருவியின் வாலோடு ஒப்பிட்டு அழைக்கிறார்கள். அதை இங்கே 'வால் ஞாயில்' என்று சுருக்கிக்கொள்கிறேன்.

இவை எங்கெங்கே இருக்கின்றன, எப்போது கட்டப்பட்டன என்று ஒரு வரைபடம் போட வீட்டில் இருந்தபடியே முடியும். ஒரு விரிதாளும் கூகுள் மேப்ஸும் போதும்.

படி 1: கட்சிக் கதையை ஓரமாக வையுங்கள்

சுற்றுலாக் கையேடுகள் பலவற்றில் ஒரு சுலபமான விதி இருக்கும். சதுர ஞாயில் என்றால் பாப்பரசர் பக்கம் நின்ற குவெல்ஃப் கட்சி, வால் ஞாயில் என்றால் பேரரசர் பக்கம் நின்ற கிபெல்லீன் கட்சி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதை நம்பி வயதோ உரிமையாளரோ எழுதினால் பட்டியல் கெட்டுப்போகும்.

ஃபிளாரன்ஸ் நகரின் பலாஸ்ஸோ வெக்கியோவைப் பாருங்கள். 1299-இல் தொடங்கிய கட்டடம், குவெல்ஃப் நகரத்தின் ஆட்சி மன்றம். கீழே கட்டடத்தைச் சுற்றிச் சதுர ஞாயில், மேலே கோபுரத்தில் வால் ஞாயில். இன்னும் தூரம் போனால் மாஸ்கோ. கிரெம்ளினின் செங்கல் மதில் 1485 முதல் 1495 வரை இத்தாலியக் கட்டடக் கலைஞர்கள் எழுப்பியது. அதன் உச்சி முழுக்க வால் ஞாயில்தான். மாஸ்கோவுக்கும் கிபெல்லீன்களுக்கும் என்ன சம்பந்தம்? கொத்தர்கள் ஊர் விட்டு ஊர் போகும்போது கைப்பழக்கமும் கூடவே போகிறது, அவ்வளவுதான்.

படி 2: விரிதாளில் எந்தெந்தப் பத்திகள்?

பெயர், ஊர், அட்சரேகை, தீர்க்கரேகை, வடிவம். இவை எல்லாரும் போடுவதுதான். அப்புறம் வரும் நான்கும்தான் முக்கியம்: 'கோட்டையின் காலம்', 'ஞாயில் இதற்கு முன் இல்லை' (கட்டியிருக்கக்கூடிய மிக முந்தைய ஆண்டு), 'ஞாயில் இதற்குப் பின் இல்லை' (கட்டியிருக்கக்கூடிய மிகப் பிந்தைய ஆண்டு), 'சான்று'.

கோட்டைக்கும் ஞாயிலுக்கும் தனித்தனிப் பத்தி ஏன்? மதிலில் முதலில் விழுவது ஞாயில்தான். மழை, பனி, பீரங்கி எல்லாம் முதலில் தாக்குவது அதைத்தான். அதனால் சீரமைப்பவர்கள் முதலில் புதிதாகக் கட்டுவதும் அதையே. வெரோனாவின் காஸ்டல்வெக்கியோ கோட்டையும் அதன் பாலமும் 1350-களில் அந்நகரை ஆண்ட இரண்டாம் கான்கிராண்டே தெல்லா ஸ்காலா எழுப்பியவை. கோட்டையில் 1920-களில் பெரிய சீரமைப்பு நடந்தது. பாலத்தை 1945 ஏப்ரலில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை வெடி வைத்துத் தகர்த்தது. 1951-க்குள் அதைப் பழையபடியே திரும்பக் கட்டினார்கள். அழகான வால் ஞாயில்கள் அந்தப் பாலத்தில் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு நேராக '1350-கள்' என்று மட்டும் எழுதினால் அது தப்பு. வடிவம் 14-ஆம் நூற்றாண்டு, இன்று நிற்கும் கட்டுமானம் 1951. இரண்டையும் எழுதுங்கள்.

படி 3: ஞாயிலின் வயதைப் படிப்பது

இந்தப் படிக்கு நேரம் கொடுங்கள். படத்தை நன்றாகப் பெரிதாக்கி, ஒரே ஒரு ஞாயிலை எடுத்துக்கொண்டு அடியிலிருந்து மேலே போங்கள்.

முதலில், ஞாயில் மதிலோடு சேரும் இடம். செங்கல் வரிசை கீழிருந்து மேல்வரை ஒரே சீராக ஓடுகிறதா? ஒரு கிடைக்கோடு தெரிந்து, அதற்கு மேல் நிறம் மாறி, விளிம்புகள் கூர்மையாக இருந்தால் மேல்பகுதி பிற்காலம். சாந்தையும் கவனியுங்கள். சுண்ணாம்புச் சாந்து வெளிறி, மழையில் அரித்துக் குழிந்திருக்கும். சாம்பல் நிறத்தில் இறுகிக் கிடந்தால் சிமென்ட். போர்ட்லாண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை வாங்கியதே 1824-இல்தான். ஆனால் இதில் ஓர் எச்சரிக்கை: பழைய கட்டின் மூட்டுகளில் மட்டும் பின்னாளில் சிமென்ட் பூசியிருக்கலாம். எனவே சிமென்டை மட்டும் பார்த்து ஞாயிலே புதியது என்று முடிவு கட்டாதீர்கள்.

அடுத்து, பக்கவாட்டு. இரண்டு ஞாயில்களுக்கு நடுவே மரக்கதவு ஒன்றைத் தொங்கவிட்டு, அம்பு விடும்போது தூக்கி, பிறகு இறக்குவது வழக்கம். அந்த அச்சு உட்கார்ந்த குழி சில ஞாயில்களின் பக்கத்தில் இன்னும் தெரியும். பின்னால் ஆள் நிற்க நடைபாதை இருக்கிறதா என்றும் பாருங்கள். நடைபாதையே இல்லையென்றால் அந்த ஞாயில் பெரும்பாலும் அலங்காரத்துக்கு வைத்தது.

எனக்கு மிகவும் பிடித்த சான்று புதைந்த ஞாயில். பிற்காலத்தில் மதிலை உயர்த்த நினைத்தவர்கள் இடைவெளிகளில் செங்கல் அடைத்து அப்படியே மேலே கட்டிவிடுவார்கள். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் எடுத்த படத்தில், வெறும் சுவருக்குள்ளே வரிசையாக 'வி' வடிவப் பிளவுகள் லேசாகத் தெரியும். முதல்முறை கண்ணில் படும்போது மனசு துள்ளும். சுவருக்குள் அடைபட்டதைப் பின்னாளில் யாரும் மாற்றிக் கட்டியிருக்க வாய்ப்பு குறைவு. மேல்சுவரின் காலம் தெரிந்தால் 'இதற்குப் பின் இல்லை' பத்தி உடனே நிரம்பிவிடும்.

கடைசியாகப் பழைய ஓவியங்களும் 19-ஆம் நூற்றாண்டுப் புகைப்படங்களும். மிலானின் ஸ்ஃபோர்ஸா கோட்டையைக் கட்டடக் கலைஞர் லூகா பெல்ட்ராமி 1893 முதல் சீரமைத்தார். அதன் முகப்புக் கோபுரம் 1521-இல் வெடிமருந்து வெடித்துச் சரிந்தது. இன்று நாம் பார்ப்பது 1905-இல் முடிந்த மறுகட்டுமானம். அதற்கு முந்தைய புகைப்படத்தில் அந்தக் கோபுரமே இருக்காது.

சான்றுப் பத்தியில் 'ஆவணம்', 'புதைந்தது', 'பழைய படம்', 'வடிவம் மட்டும்' என்ற நான்கில் ஒன்றை எழுதுங்கள். 'வடிவம் மட்டும்' என்றால் ஆண்டுப் பத்திகளைக் காலியாக விடுவதே நேர்மை.

படி 4: வரைபடத்தில் ஏற்றுவது

கூகுள் மேப்ஸில் கோட்டையின் மேல் வலது கிளிக் செய்தால் இரண்டு எண்கள் வரும். முதல் எண் அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. மாற்றிப் போட்டுவிடாதீர்கள். வெரோனாவுக்கு 45.4, 11.0 என்று வரும். தலைகீழாகப் போட்டால் உங்கள் கோட்டை ஏடன் வளைகுடாக் கடலில் மிதக்கும்.

விரிதாளை சிஎஸ்வி கோப்பாகச் சேமித்து, கூகுள் மை மேப்ஸில் (சொந்த வரைபடம் போட உதவும் கூகுள் சேவை) இறக்குமதி செய்யுங்கள். புள்ளியின் நிறத்தை ஞாயிலின் காலத்தை வைத்து மாற்றுங்கள்: இடைக்காலத்தது சிவப்பு, 19, 20-ஆம் நூற்றாண்டில் சீரமைத்தது மஞ்சள், புதிதாகவே கட்டியது நீலம், தெரியாதது சாம்பல்.

படி 5: சோதித்துப் பார்க்க இரண்டு புள்ளிகள்

ஆவோஸ்தா பள்ளத்தாக்கில் இருக்கும் ஃபெனிஸ் கோட்டையையும், டூரின் நகரில் போ ஆற்றங்கரைப் பூங்காவில் இருக்கும் இடைக்காலக் கோட்டையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இரண்டாவது, 1884-ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்காகக் கட்டடக் கலைஞர் அல்ஃப்ரெடோ தாந்த்ராதே முதலானோர் ஆவோஸ்தா, பியேமோந்தேப் பகுதிக் கோட்டைகளைப் பார்த்துக் கட்டியது. அதே தாந்த்ராதே 1895-இல் ஃபெனிஸை வாங்கிச் சீரமைப்பையும் தொடங்கிவைத்தார். எனவே டூரின் புள்ளி நீலம். ஃபெனிஸில் ஒவ்வொரு பக்க மதிலுக்கும் தனி வரி போட்டு, பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டபின் சிவப்பா மஞ்சளா என்று முடிவு செய்யுங்கள். அதுவரை சாம்பலாகவே இருக்கட்டும்.