கோழி நொண்டினால் முதலில் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள்

எங்கள் வீடு பெரம்பூரில், கோழிகள் மொட்டை மாடியில். சிறுவிடைப் பெட்டை நான்கு, சேவல் ஒன்று. போன ஐப்பசி மழையில் ஒரு பெட்டை அடிக்கடி ஒற்றைக் காலில் நின்றது. குளிருக்குக் காலைத் தூக்கி வைத்திருக்கிறது என்று நினைத்து நான்கு நாள் விட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் தூக்கிப் பார்த்தால் உள்ளங்காலில் மிளகு அளவுக்குக் கறுப்பாக ஒரு பொருக்கு, சுற்றிலும் வீக்கம், தொட்டால் சூடு. அந்த நான்கு நாளை நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது, புதிதாகக் கோழி வளர்க்கிறவர்கள் யாரும் அப்படி விட்டுவிடக் கூடாது.

இந்தப் பாதப் புண்ணுக்குப் பம்பிள்ஃபுட் என்று பெயர். சிமென்ட் தரையில் தேய்ந்தோ, உயரத்திலிருந்து குதித்தோ, ஆணி குத்தியோ பாதத்தில் சின்னதாக ஒரு காயம் ஆகும், அதன் வழியாக ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி உள்ளே போய்விடும். மழையில் நனைந்து ஊறிய பாதம் என்றால் அதற்கு இன்னும் வசதி.

சரி, எப்படிப் பார்ப்பது? பகலில் துரத்திப் பிடிக்காதீர்கள், நொண்டும் கால் இன்னும் மோசமாகும். கோழிக்கு இருட்டில் சரியாகக் கண் தெரியாது, அதனால் இரவில் அடைந்த பிறகு மெதுவாகத் தூக்கினால் சத்தமே போடாது. பழைய துண்டில் சுற்றி, கண்ணையும் மூடி, மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சை மட்டும் அழுத்தாதீர்கள், நெஞ்சு விரிந்து சுருங்கினால்தான் அதனால் மூச்சு விட முடியும். வீட்டில் ஒருவர் செல்போன் விளக்கைப் பிடித்தால் போதும்.

பொருக்கு இருந்தால் கையுறை போட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள். அந்தக் கிருமி நம் கையில் உள்ள வெட்டுக்காயத்திலும் தொற்றும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி எப்சம் உப்பு கரைத்து (மருந்துக் கடையிலேயே கிடைக்கும்), பாதத்தைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊற வையுங்கள். அந்தத் தண்ணீரைக் கோழி குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், வயிற்றைக் கலக்கிவிடும். அப்புறம் நன்றாகத் துடைத்து, பெட்டாடினைத் தண்ணீரில் கலந்து டீ நிறத்துக்குக் கொண்டுவந்து கழுவுங்கள். பொருக்கு ஊறித் தானாகக் கழன்றால் எடுக்கலாம். கழலாவிட்டால் விட்டுவிடுங்கள், மறுநாளும் ஊற வைக்கலாம்.

இந்த இடத்தில்தான் பலர் பிளேடைக் கையில் எடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கோழியின் சீழ் நமக்கு வருவதுபோல நீராக ஓடாது, பன்னீர்க் கட்டிபோல இறுகி உள்ளே உட்கார்ந்திருக்கும், அதனால் அமுக்கிப் பிதுக்கினாலும் வராது, ஆழமாகத்தான் போகும். உள்ளங்காலில் நரம்பும் ரத்தக் குழாயும் எலும்பும் ஒன்றை ஒன்று ஒட்டி இருக்கின்றன. வெட்டியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் அது டாக்டர் வேலை.

கழுவிய பிறகு பெட்டாடின் களிம்பு தடவி, காஸ் துணியைச் சதுரமாக மடித்து வைத்து, விரல்களுக்கு நடுவே எட்டுப் போடுவதுபோல மாற்றி மாற்றிக் கட்டுங்கள். விரல் வீங்கினாலோ ஜில்லென்று இருந்தாலோ கட்டு இறுக்கம் என்று அர்த்தம், உடனே அவிழ்த்துக் கட்டுங்கள். தினமும் பிரித்து, கழுவி, புதுசாகக் கட்ட வேண்டும். நம் ஊர் ஈக்கு ஈரக் கட்டு ஒரு நாள் கிடைத்தால் போதும், புழு வைத்துவிடும். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு எதையும் தடவாதீர்கள், தோல் வெந்துபோகும். வீட்டில் இருக்கும் வலி மாத்திரையும் கூடாது. டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து கொடுத்த மாடுகளின் சடலத்தைத் தின்று சிறுநீரகம் கெட்டுப் பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததால்தான் 2006-ல் அதைக் கால்நடைகளுக்குக் கொடுக்கத் தடை போட்டார்கள், அது கோழியின் சிறுநீரகத்துக்கும் ஆகாது.

மருந்தைவிட முக்கியம் தரை. எங்கள் பெட்டைக்கு ஒரு வாரம் கட்டுப் போட்டும் ஆறவில்லை, ஏனென்றால் கட்டோடு அதே ஈரச் சிமென்ட்டில்தான் நடந்துகொண்டிருந்தது. பிறகு மழை அடிக்காத மூலையில் தார்ப்பாய் கட்டி, நான்கு விரல் உயரத்துக்கு உமியும் மரத்தூளும் கொட்டினேன். கோழிகள் ஏறி அடைவதற்கு மூன்றடி உயரத்தில் இருந்த சவுக்குக் கட்டையை இழைத்து ஒன்றரை அடிக்கு இறக்கினேன். கட்டட வேலையில் மிச்சமான ஆணி, கம்பித் துண்டு, சல்லி எல்லாவற்றையும் பெருக்கி அள்ளினேன். மிச்சச் சோற்றை அள்ளிப் போடுவதையும் குறைத்தேன், உடம்பு கனத்தால் பாரம் முழுக்கப் பாதத்தில்தான் இறங்கும். அதற்குப் பிறகுதான் புண் வறண்டது, மூன்று வாரத்தில் காலை ஊன்றி நடந்தது.

உள்ளங்கால் சுத்தமாக இருந்தும் நொண்டுகிறதா? காலின் செதில் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் செதிலுக்கு அடியில் உண்ணிபோன்ற பூச்சி. செதிலைப் பிய்க்காமல் சோப்புத் தண்ணீரில் கழுவி, வாசலினைக் கெட்டியாகப் பூசுங்கள், பூச்சிக்கு மூச்சு முட்டும். மூன்று நான்கு வாரம் விடாமல் செய்ய வேண்டும், கூட இருக்கும் எல்லாக் கோழிக்கும்.

குஞ்சின் விரல் உள்பக்கம் சுருண்டால் பெரும்பாலும் பி2 வைட்டமின் குறைவு, சீக்கிரம் கொடுத்தால் தேறும். முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்கு வைக்காதீர்கள், அதில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதற்கு மிக அதிகம், சிறுநீரகம் கெட்டு மூட்டில் உப்புப் படியும்.

மூட்டு வீங்கிச் சுட்டாலோ, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிப் படுத்தாலோ, புண்ணின் வீக்கம் பாதத்தைத் தாண்டிக் காலில் ஏறினாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம். கால் முன்னும் பின்னுமாகப் போவது மாரெக்ஸ் என்ற வைரஸ் நோயாகவும் இருக்கலாம், அதற்கு மருந்தில்லை, குஞ்சு பொரித்ததும் போடும் தடுப்பூசிதான். அந்தக் கோழியைத் தனியாக வைத்துவிட்டு, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலையிலேயே கொண்டுபோங்கள். அட்டைப் பெட்டியில் காற்றுத் துளை போட்டு, அடியில் சாக்கு விரித்து எடுத்துப் போகலாம். தினமும் பாதத்தைப் படம் எடுத்து வைத்திருந்தால் டாக்டருக்கு உதவும். ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தால், எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.