புதுத் தொட்டியில் பிஎச் நிற்க, முதலில் கேஎச் பாருங்கள்

மீன் கடையில் பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) ஏற்ற ஒரு பாட்டில், இறக்க ஒரு பாட்டில் வைத்திருப்பார்கள். புதிதாகத் தொட்டி வைப்பவருக்கு இரண்டுமே வேண்டாம். இறக்கும் பாட்டிலில் இருப்பது அமிலம். அதைப் போர் தண்ணீரில் விட்டால் பிஎச் மாலையில் 7-க்கு வரும், மறுநாள் காலையில் பழையபடி 8-க்குப் போய் நிற்கும். கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ் எல்லாம் 8-இல் நன்றாகவே வாழும். தினமும் ஏறி இறங்குவதுதான் அவற்றைச் சாகடிக்கும்.

திரும்ப ஏறுவதற்குக் காரணம் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட். விட்ட அமிலத்தை அது கரியமில வாயுவாக மாற்றுகிறது. வாயு வெளியேறியதும் பிஎச் மேலே வந்துவிடுகிறது. அமிலத்தைத் தாங்கும் இந்தச் சக்தியைத்தான் கேஎச் என்று டிகிரியில் அளக்கிறோம். 1 டிகிரி என்பது லிட்டருக்கு 17.9 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். 4 முதல் 8 வரை இருந்தால் நிம்மதி. 2-க்குக் கீழே போனால் பிஎச் எப்போது வேண்டுமானாலும் சரியும்.

தண்ணீரைப் பிடித்தவுடன் சோதிக்காதீர்கள். நிலத்தடி நீரில் கரியமில வாயு அதிகம் என்பதால் குழாயடியில் 7.2 காட்டும் தண்ணீர், ஒரு நாள் கழித்து 8 காட்டலாம். ஒரு பக்கெட்டில் பிடித்து, காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்டு 24 மணி நேரம் ஓடவிட்டுப் பிறகு சோதியுங்கள். மெட்ரோ வாட்டர் என்றால் ஆன்டி குளோரின் விட்ட பிறகு. மஞ்சளிலிருந்து நீலத்துக்கு மாறும் சாதாரண பிஎச் கிட் 7.6 வரைதான் காட்டும். கருநீலம் வந்தால் 7.6 என்று எழுதிவைக்காதீர்கள், அது 8.4-ஆகவும் இருக்கலாம், உயர் பிஎச் கிட் தனியாக வாங்க வேண்டும். கேஎச் கிட் இன்னும் எளிது: 5 மில்லி தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலம் மஞ்சளாக மாற எத்தனை சொட்டு ஆகிறது என்று எண்ணினால் போதும். பெரும்பாலான கிட்களில் ஒரு சொட்டு ஒரு டிகிரி. டிடிஎஸ் மீட்டர் இதற்கு உதவாது. அது கரைந்த உப்பெல்லாவற்றையும் சேர்த்துக் காட்டுமே தவிர, அதில் கார்பனேட் எவ்வளவு என்று சொல்லாது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கடின நீரை மென்னீராக்கும் சாஃப்டனர் வழியாக வரும் தண்ணீரில் சோப்பு நன்றாக நுரைக்கும். கால்சியம் போய் சோடியம் வந்திருக்கும். கேஎச் மட்டும் அப்படியே இருக்கும், பிஎச்சும் இறங்காது. கால்சியமும் இல்லை, காரமும் குறையவில்லை என்ற நிலை மீனுக்கு நல்லதல்ல. சாஃப்டனருக்கு முன்னால் உள்ள குழாயில் பிடியுங்கள்.

இரண்டடிக்கு ஒரு அடி, ஒரு அடி உயரத் தொட்டியின் கொள்ளளவு சுமார் 56 லிட்டர். மணலும் மேல் இடைவெளியும் போக 45 லிட்டர் நிற்கும். போர் தண்ணீரின் கேஎச் 16, ஆர்.ஓ. தண்ணீரில் கிட்டத்தட்ட பூஜ்யம் என்று வையுங்கள். 15 லிட்டர் போர், 30 லிட்டர் ஆர்.ஓ. கலந்தால் 5-க்குச் சற்று மேல் வரும். வெறும் ஆர்.ஓ. கேன் தண்ணீரை ஊற்றித் தொட்டி வைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. போர் தண்ணீர் கிடைக்கவே வழியில்லை என்றால் ஆப்ப சோடா கைகொடுக்கும்: 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் கேஎச் 1 டிகிரி ஏறும். நம் 45 லிட்டர் தொட்டியில் ஒவ்வொரு டிகிரிக்கும் கால் டீஸ்பூன். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைப் போடாதீர்கள். சோடா கால்சியத்தைத் தராது என்பதால், முடிந்தவரை போர் தண்ணீர் கலப்பதே மேல்.

மணலும் கல்லும் போடுவதற்கு முன் ஒரு சிட்டிகை எடுத்து வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. வெள்ளை மார்பிள் ஜல்லி, பவளத் துண்டு, சிப்பி எல்லாம் இப்படித்தான் பிஎச்சை ஏற்றிக்கொண்டே இருக்கும். மரக்கட்டையும் பாதாம் இலையும் நேர்மாறு. கேஎச் குறைந்த தண்ணீரில் மட்டும் அவற்றின் வேலை தெரியும், போர் தண்ணீரில் நிறம் மட்டும்தான் மாறும்.

பெரிய சிக்கல் வழக்கமாக மூன்றாவது, நான்காவது வாரத்தில் வரும். அதுவரை அசையாத பிஎச் திடீரென இறங்கும். பில்டரில் அப்போதுதான் பாக்டீரியா பெருகியிருக்கும். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை அது நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனுக்கு, கால்சியம் கார்பனேட் கணக்கில் சுமார் 7 மில்லிகிராம் கேஎச் கரைந்துபோகும். கேஎச் தீர்ந்து பிஎச் 6.5-க்குக் கீழே வந்தால் பாக்டீரியா சோர்ந்துவிடும். 6-இல் கிட்டத்தட்ட நின்றே போகும். அமோனியா தேங்கும், ஆனால் அமிலத் தண்ணீரில் அது பெரும்பாலும் தீங்கு குறைந்த அமோனியமாகவே இருப்பதால் மீன் சமாளித்துக்கொண்டிருக்கும். இந்த நேரத்தில் பதறிப்போய்ப் பாதித் தண்ணீரை இறைத்து, பிஎச் 8 உள்ள போர் தண்ணீரை ஊற்றினால் விடிவதற்குள் மீன்கள் மிதக்கும். 28 டிகிரி செல்சியஸில் பிஎச் 7 என்றால் மொத்த அமோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவுதான் நச்சு வடிவில் இருக்கும்; பிஎச் 8-இல் அது 6 சதவீதத்தைத் தாண்டும்.

அப்படிச் சரிந்திருந்தால் முதலில் அமோனியாவைச் சோதியுங்கள். இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள். கலந்த தண்ணீரால் காலையில் 10 சதவீதம், மாலையில் 10 சதவீதம் என்று மாற்றுங்கள். ஒரு நாளில் பிஎச் 0.3-க்கு மேல் ஏற விடாதீர்கள்.

முதல் ஆறு வாரம் கேஎச்சை வாரம் இருமுறை, எப்போதும் ஒரே நேரத்தில் பாருங்கள். செடிகள் உள்ள தொட்டியில் பிஎச் விடியற்காலையில் குறைந்தும் மாலையில் கூடியும் இருப்பது இயல்பு. வாரம் 20 முதல் 25 சதவீதம், முதலில் கலந்த அதே விகிதத் தண்ணீரால் மாற்றுங்கள். கோடையில் ஆவியாகிக் குறைவதை ஈடுகட்ட மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள், ஆவியாவது வெறும் தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதன் மேல் போர் தண்ணீரையே ஊற்றி வந்தால் கேஎச் மாதத்துக்கு மாதம் ஏறும்.