கத்திக்குக் கைப்பிடி ஒட்டும் முன்

கத்தியின் வால் பகுதிக்கு, அதாவது கைப்பிடிக்குள் போகும் இரும்புக்கு, இரு பக்கமும் மரத்துண்டு வைத்து ஒட்டப் போகிறீர்களா? முதலில் வெட்டுவாயில் டேப் சுற்றிவிடுங்கள். அலகைப் பார்த்து நிற்கும் மரத்தின் முன் ஓரத்தை ஒட்டுவதற்கு முன்பே தேய்த்து மெருகேற்றிவிட வேண்டும். ஒட்டிய பிறகு அங்கே உப்புத்தாள் போட்டால் அலகில் கீறல் விழும், அது பார்க்கவே மனசு கேட்காது.

அப்புறம், ஒட்டும் பரப்புகளை 60-ஆம் எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப்பசையை எடுக்கும் அசிட்டோன் திரவத்தால் துடையுங்கள். அதன்பின் விரல் படக்கூடாது. எண்ணெய்ப்பசை இருந்தால் எபாக்ஸி (இரண்டு பகுதிகளைக் கலந்து பூசும் பசை) சரியாகப் பிடிக்காது.

பசை தடவிய பின் மரத்துண்டுகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பை அளவுக்கு மீறி முறுக்காதீர்கள். பசையெல்லாம் பிதுங்கி வெளியேறிவிட்டால் உள்ளே பிடிக்க ஒன்றும் இருக்காது. ஓரமெங்கும் மெல்லிய கோடாகப் பசை எட்டிப் பார்த்தால் சரி. அலகில் வழிந்ததை இறுகும் முன்பே அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். மரத்தைத் தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம்.