கியூட்டில் ஸ்ப்ளிட்டர் நகர மறுத்தால் எங்கே பார்ப்பது

இடப்பக்கம் ஃபைல் பட்டியல், வலப்பக்கம் எடிட்டர், நடுவே இழுக்கும் பட்டை: ஜன்னல் கொண்ட செயலிகளை எழுத உதவும் கியூட் (Qt) என்ற நிரல் கருவித்தொகுப்பில் இதற்கென்றே ‘கியூஸ்ப்ளிட்டர்’ இருக்கிறது. பட்டை ஓரிடத்தில் சிக்கிக்கொண்டால், பெரும்பாலும் தடை ஸ்ப்ளிட்டரில் இல்லை. பேனுக்குள், அதாவது பட்டையின் ஒரு பக்கப் பகுதிக்குள், இருக்கும் விட்ஜெட்டில்தான் (லேபிள், பட்டன் போன்ற திரைக் கூறு).

முதலில் ஒவ்வொரு பேனின் ‘மினிமம்சைஸ்ஹின்ட்’ மதிப்பையும் (குறைந்தது இவ்வளவு இடம் வேண்டும் என்று அது சொல்லும் அளவு) ‘கியூடீபக்’ மூலம் அச்சிடுங்கள். இடப் பேனுக்கு 420 என்று வந்தால், பட்டை 420 பிக்சலைத் தாண்டிச் சுருங்காது. வேர்ட் ராப் (வரியை மடித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவது) போடாத நீண்ட லேபிள் ஒன்றே இதற்குப் போதும்: அதன் முழு வரி அகலத்தையும் லேஅவுட் குறைந்தபட்ச அகலமாக மேலே சொல்லிவிடும். லேபிளுக்கு வேர்ட் ராப் கொடுங்கள். அதுவும் போதாவிட்டால் பேனுக்கே ‘செட்மினிமம்விட்த்’ 1 என்று வையுங்கள். 0 வைத்தால் வேலை செய்யாது. மதிப்பே தரவில்லை என்று எடுத்துக்கொண்டு கியூட் பழைய ஹின்ட்டுக்கே போய்விடும்.

பேன் அடியோடு காணாமல் போவது வேறு கதை. குறைந்தபட்ச அளவைத் தாண்டி இழுத்தால் பேன் 0 ஆக மடங்குவது இயல்பான அமைப்பு. முக்கியமான பேனுக்கு ‘செட்கொலாப்சிபிள்’ ஃபால்ஸ் கொடுத்துவிடுங்கள்.

தொடக்க விகிதத்துக்கு ‘செட்ஸ்ட்ரெச்ஃபேக்டர்’ 1, 3 என்று போடுவது பரவலான தவறு. அந்த எண், விட்ஜெட்டின் தொடக்க அளவோடு பெருக்கப்படுவதால் 1:3 கிடைக்காது. ‘செட்சைஸஸ்’ 250, 750 என்று கொடுங்கள். ஜன்னல் எவ்வளவு அகலமானாலும் அந்த விகிதத்தில் பிரித்துக்கொள்ளும். எல்லா விட்ஜெட்டையும் சேர்த்த பிறகே அழைக்க வேண்டும். ஜன்னல் பெரிதாகும்போது எடிட்டர் மட்டும் வளர, இடப் பேனுக்கு ஸ்ட்ரெச் 0, எடிட்டருக்கு 1.

இழுக்கும்போது திரை திணறினால் ‘செட்ஒபேக்ரீசைஸ்’ ஃபால்ஸ். மவுஸை விட்ட பிறகே பேன்கள் மாறும்.

கடைசியாக, சேமித்த நிலை. ‘சேவ்ஸ்டேட்’டை ‘க்ளோஸ்ஈவென்ட்’டில் எழுதுங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக ஸ்ப்ளிட்டர்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி கீ (சேமிப்பில் அதைக் குறிக்கும் பெயர்). ‘ரீஸ்டோர்ஸ்டேட்’டை ‘செட்சைஸஸ்’ஸுக்குப் பின் அழையுங்கள், இல்லையேல் பயனர் வைத்த அளவு அழிந்துபோகும். இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்தச் சேமிப்பில் பேன் அளவுகளோடு ஹேண்டில் (இழுக்கும் பட்டை) அகலமும் மடங்கும் அமைப்பும் சேர்ந்தே இருக்கின்றன. புதிய வெளியீட்டில் ஹேண்டிலை 6 பிக்சலாக்கியும் பழைய பயனர்களுக்கு மாறவில்லை என்றால் காரணம் இதுதான். ‘செட்ஹேண்டில்விட்த்’தை ‘ரீஸ்டோர்ஸ்டேட்’டுக்குப் பின்னால் நகர்த்துங்கள். பேன்களின் எண்ணிக்கையே மாறியிருந்தால் கீயின் பெயரையும் மாற்றிவிடுங்கள்.