மினி கூப்பர் எஸ் வாங்க போறீங்களா, மொதல்ல ராக்கர் கவர கழட்டுங்க

நம்ம டெல்டா பக்கம் பழைய ரேலி வண்டி மேல ஆசப்படுறவங்க ரொம்ப கம்மி, அதுலயும் முக்காவாசி பேருக்கு மினி கூப்பர் எஸ் மேல தான் கண்ணு (இப்ப வர்ற புது மினி இல்ல, அறுபதுகள்ல வந்த சின்ன மினியோட வேகமான வகை), எனக்கும் அதே தான். 1964ல 1071 சிசி வண்டில பேடி ஹாப்கிர்க் மான்டி கார்லோ ரேலிய ஜெயிச்சாரு, 65லயும் 67லயும் மினி தான், 66ல மொத மூணு இடமும் புடிச்சும் ஹெட்லைட் விதிய காட்டி தூக்கிட்டாங்க, அது இன்னிக்கும் எனக்கு ஆறல.

ரேலில ஓட்டணும்னா அதே வண்டிய இத்தனைன்னு கணக்கு வச்சு கடையில வித்திருக்கணும், அதான் ஹோமோலோகேஷன். 1000 சிசி கிளாஸுக்காகவே போட்ட 970 எஸ் ஆயிரம் வண்டி கூட தேறாது. அதனால வெல ஏறிடுச்சு, சாதா மினிக்கு வேஷம் கட்டி விக்கிறதும் ஜாஸ்தியாயிடுச்சு.

நாகப்பட்டினம் பக்கம் ஒண்ணு பாக்க போனோம், செவப்பு பாடி, வெள்ள கூரை, ஓட்ட போட்ட வீலு, முன்னாடி டிஸ்க் பிரேக், எஸ் பேட்ஜ், எல்லாம் பக்காவா இருந்துச்சு, நான் அட்வான்ஸ் கையில வச்சுட்டு நிக்கிறேன். கும்பகோணத்துலேந்து கூட வந்த மெக்கானிக் அண்ணன் ராக்கர் கவர, அதான் இன்ஜின் உச்சியில இருக்குற மூடிய, கழட்டி கீழ வச்சுட்டு, சிலிண்டர மூடுற ஹெட்ட புடிச்சிருக்குற நட்டு ஒவ்வொண்ணா வெரல வச்சு எண்ணுனாரு. "தம்பி, ஒம்போது தான்டா வருது"ன்னாரு. எஸ் ஹெட்டுல பத்து ஸ்டட்டு (நட்டு மாட்டுற மரை கம்பி), ஒரு போல்ட்டு, மொத்தம் பதினொண்ணு இருக்கணும். பணத்த பையில வச்சுட்டு திரும்பிட்டோம்.

பதினொண்ணு இருந்தாலும் ஒடனே நம்பிடாதீங்க, இன்ஜின எங்கேந்தாவது கொண்டாந்து மாட்டலாம். ஆரம்ப கால 1275 எஸ் இன்ஜின் நம்பர் 9எஃப் எஸ்ஏ ஒய்னு ஆரம்பிக்கும். சேசிஸ் நம்பரையும் எழுதிக்கிட்டு இங்கிலாந்துல கேடன்ல இருக்குற பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்கு பணம் கட்டி ஹெரிடேஜ் சர்டிபிகேட் கேளுங்க, ஃபேக்டரி ரெக்கார்ட பாத்து அந்த வண்டி எந்த இன்ஜினோட, என்ன கலர்ல வெளிய வந்துச்சுன்னு குடுப்பாங்க. விக்கிறவரு இதுக்கு டைம் தரலன்னா விட்டுடுங்க.

அடுத்தது துரு, நம்ம ஊருக்கு இது தான் பெரிய எமன். கடக்காத்து அடிக்கிற ஊர்ல நின்ன வண்டின்னா கார்ப்பெட்ட தூக்கி ஃப்ளோர பாருங்க, ரெண்டு பக்கமும் கதவுக்கு கீழ ஓடுற சில்ல ஸ்க்ரூ டிரைவரால குத்தி பாருங்க, பின் சக்கரத்த தாங்குற சப்ஃப்ரேம படுத்துக்கிட்டு டார்ச் அடிச்சு பாத்தே ஆகணும், மினில மொதல்ல போறது அது தான். மேல பெயின்ட் பளபளன்னு இருக்கறத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

பேப்பர் வேலைய சுருக்கமா சொல்றேன். அம்பது வருஷம் தாண்டுன வண்டிய வின்டேஜா ரெஜிஸ்டர் பண்ணலாம், 2021ல வந்த விதி, புது ரெஜிஸ்ட்ரேஷனுக்கு 20,000 ரூபா, நம்பர்ல விஏன்னு வரும், பத்து வருஷம் செல்லும். ஆனா தெனசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, வின்டேஜ் ரேலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னு தான் எடுக்கலாம்.

முடிஞ்சா ஐப்பசில அடமழ பேஞ்ச மறுநாள் போய் பாருங்க. மினில ஸ்பார்க் பிளக்குகளுக்கு கரன்ட பிரிச்சு குடுக்குற டிஸ்ட்ரிபியூட்டர் முன் கிரில்லுக்கு நேர் பின்னாடி உக்காந்திருக்கும், தண்ணி அடிச்சா இன்ஜின் மிஸ்ஸாகும். ஈரத்துல ஸ்டார்ட் பண்ண சொல்லுங்க, நனைஞ்ச ரோட்டுல ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து மறுபடி கார்ப்பெட்ட தூக்குங்க, கீழ ஈரம் இருந்தா எங்கேந்து வருதுன்னு தெரியாம வெல பேசாதீங்க.